இலை நிறத்துக்காகவும் கோலத்துக்காகவும் புரோமிலியாட் கலப்பினம் செய்வது எப்படி

புரோமிலியாட்களில், அதாவது அன்னாசிக் குடும்பச் செடிகளில், சிவப்புச் செடியையும் பட்டை போட்ட செடியையும் கலந்தால் சிவப்பில் பட்டை போட்ட செடி வரும் என்று நம்பித்தான் பலரும் முதல் கலப்பைச் செய்கிறார்கள். இரண்டு ஆண்டு கழித்துக் கையில் இருப்பது பெரும்பாலும் மங்கிய பழுப்பில், எந்தப் பட்டையும் தெளியாத ஒரு தட்டு நாற்றுகள். மகரந்தம் வைத்த கையில் குறை எதுவும் இருக்காது. நிறம் இலையின் எந்த அடுக்கில் இருக்கிறது, அது எந்த வழியாக அடுத்த தலைமுறைக்குப் போகிறது என்று பார்க்காமல் பெற்றோரைத் தேர்ந்ததுதான் காரணம். அதனால் இங்கே பூவுக்கு முன்னால் இலையைப் பார்த்துவிடுவோம்.

பெரும்பகுதி நியோரெகெலியா என்னும் புரோமிலியாட் பேரினத்தை (பல இனங்கள் அடங்கிய தொகுதி) வைத்தே எழுதப்பட்டிருக்கிறது. இலைக்காகவே வளர்க்கப்படும் பேரினம் அது. ஒரே கொத்தில் வாரக்கணக்கில் பூ வரும், விதையிலிருந்து 2 முதல் 4 ஆண்டுகளில் பூக்கும் அளவுக்கு வளரும், பக்கக்கன்றும் தாராளமாக விடும். கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இனம் கிடையாது. மற்றப் புரோமிலியாட்களான வ்ரீசியா, கிரிப்டான்தஸ், டிக்கியா ஆகியவற்றில் எது மாறும் என்பது பின்னால் வருகிறது.

நிறம் எங்கே இருக்கிறது

சிவப்பு, ஊதா, கருஞ்சிவப்பு எல்லாம் ஆந்தோசயனின் என்னும் நிறமியால் வருபவை. அது செல்லுக்குள் இருக்கும் சாற்றில் கரைந்திருக்கிறது. கீழே பச்சையம் அடர்த்தியாக இருந்தால் அதே சிவப்பு நம் கண்ணுக்குப் பழுப்பாகவோ கறுப்பாகவோ தெரியும். பச்சையம் வெளிறியிருந்தால் பளிச்சென்ற சிவப்பாகத் தெரியும். பளிச்சென்ற சிவப்பு வேண்டுமென்றால் இன்னொரு பெற்றோரை அடர்பச்சைச் செடியாக எடுக்காதீர்கள். மஞ்சள் கலந்த வெளிர்பச்சைச் செடியை எடுங்கள். கறுப்பு இலை வேண்டுமென்றால் இதற்கு நேர்மாறாகச் செய்ய வேண்டும்.

புள்ளி, பளிங்குக் கறை, குறுக்குப்பட்டை ஆகியவை அதே நிறமி இலையில் எங்கெங்கே தங்குகிறது என்பதைப் பொறுத்தவை. நியோரெகெலியா மார்மொராட்டாவில் செம்பழுப்புக் கறைகள். குளோரோஸ்டிக்டாவில் கருஞ்சிவப்பின் மேல் பச்சைப் புள்ளிகள். கார்க்கரோடான் ‘டைகர்’, சின்னஞ்சிறு ஆம்புல்லேசியா ஆகியவற்றில் குறுக்குப்பட்டைகள். இந்தக் கோலங்கள் முதல் தலைமுறையிலேயே ஓரளவு தெரியும், ஆனால் நீர்த்துப்போய்த் தெரியும். புள்ளிச் செடியையும் பட்டைச் செடியையும் ஒன்றோடொன்று கலந்தால் பெரும்பாலும் இரண்டு கோலமும் உடைந்து, அழுக்குப் படிந்த மாதிரி ஆகிவிடும். ஒரு பெற்றோர் கோலத்தைக் கொடுக்கட்டும், மற்றது கறையில்லாத சுத்தமான அடிநிறத்தைக் கொடுக்கட்டும். இந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்டாலே பாதி ஏமாற்றம் தவிர்ந்துவிடும்.

வெள்ளிப் பட்டை வேறு சமாசாரம். ஏக்மியா சாண்டினி, ஏக்மியா ஃபேசியாட்டா, பில்பெர்ஜியாக்கள், கிரிப்டான்தஸ் ஸோனாட்டஸ் ஆகியவற்றில் தெரியும் வெள்ளி, இலையின் மேல் ஒட்டியிருக்கும் நுண்செதில்கள். கண்டுபிடிப்பது எளிது: இலையில் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். செதில் ஈரமானதும் ஒளி ஊடுருவி, பட்டை மங்கும். நிறமிப் பட்டை மங்காது. விரலால் அழுத்தித் தேய்த்தால் செதில் உதிர்ந்துவிடும், அந்த இலையில் திரும்பவும் வராது. அதனால் சோதனையைக் கண்ணில் படாத பழைய இலையில் செய்யுங்கள். வெள்ளியை விரும்புகிறவர்கள் இரண்டு பெற்றோரிலும் செதில் இருக்கும்படி பார்த்துக்கொள்வது நல்லது. செதில் இல்லாத வழுவழுப்பான இலையோடு கலந்தால் பட்டை அடியில் மட்டும் மெல்லிசாக மிஞ்சும்.

அடுத்தது இருநிற இலை, அதாவது வெள்ளை அல்லது மஞ்சள் ஓரம், நடுக்கோடு, கீற்று. அதிகம் பேர் ஏமாறும் இடம் இதுதான், கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

இருநிற இலையில் பச்சையம் உள்ள திசுவும் இல்லாத திசுவும் ஒரே செடியில் அடுக்கடுக்காகச் சேர்ந்து வாழ்கின்றன. வளர்நுனியில் உள்ள அடுக்குகளில் ஒன்றிலிருந்து மட்டுமே மகரந்தமும் சூலும் உருவாகும். அந்த அடுக்கு பச்சையாக இருந்தால், இலை எவ்வளவு வெள்ளையாக இருந்தாலும் விதையிலிருந்து வருவது முழுப் பச்சை. அந்த அடுக்கு வெள்ளையாக இருந்தால் வருவதெல்லாம் வெள்ளை நாற்று. விதையில் இருந்த உணவு தீர்ந்ததும் செத்துவிடும். ஓரமோ நடுவோ நிலைத்துப் போன அழகான செடிகள் பொதுவாக இந்த இரண்டில் ஒரு வகையில்தான் விழும். இருநிற நாற்று வேண்டுமானால் இலை முழுவதும் ஒழுங்கில்லாமல் மெல்லிய கீற்று ஓடும் செடியை எடுக்க வேண்டும். அதன் சூல்களில் பச்சை, வெள்ளை இரண்டு வகைப் பசுங்கணிகங்களும் (செல்லுக்குள் பச்சையத்தைத் தாங்கும் நுண்ணுறுப்புகள்) கலந்திருக்க வாய்ப்பு உண்டு. பார்க்கச் சுமாராக இருக்கும் கீற்றுச் செடிதான் கலப்புக்கு விலைமதிப்பு உள்ளது.

இன்னொன்று: பசுங்கணிகங்கள் பெரும்பாலும் சூல் வழியாகவே அடுத்த தலைமுறைக்குப் போகின்றன. அதனால் கீற்றுச் செடி தாயாக இருக்க வேண்டும். அதன் மகரந்தத்தை எடுத்துப் பச்சைச் செடியில் வைத்தால் அதன் மற்றக் குணங்கள் வரும், கீற்று வராது. கீற்றுத் தாயில் விளைந்த நாற்றுகளிலும் பச்சை ஒரு பங்கு, சாகப்போகும் வெள்ளை ஒரு பங்கு, கீற்றுள்ளவை கொஞ்சம் என்றுதான் பிரியும். நிறைய விதைத்தால்தான் மிஞ்சும்.

பெற்றோரைப் பொருத்துவது

நிறத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் மற்றது எல்லாம் கைவிட்டுப் போகும். நியோரெகெலியா கான்சென்ட்ரிகா அகன்ற இலையும் கரும்புள்ளியும் ஊதா நடுவும் தரும், ஆனால் இடமும் நிறையக் கேட்கும். ‘ஃபயர்பால்’ குட்டி உருவத்தையும் அடர்சிவப்பையும் தரும். கூடவே நீண்ட கொடித்தண்டின் நுனியில் கன்று விடும் குணத்தையும் பிள்ளைகளுக்குக் கொடுக்கும். கரோலினே பூக்கும் பருவத்தில் நடு சிவக்கும் குணத்தைக் கொடுக்கும், இலையின் மற்றப் பகுதி சாதாரணப் பச்சையாக இழுக்கும். குருயெண்டா, ஸ்பெக்டாபிலிஸ் ஆகியவற்றிலிருந்து நகப்பூச்சுப் போட்ட மாதிரியான சிவந்த நுனி வரும். ஒவ்வொரு பெற்றோருக்கும் நிறம், கோலம், இலை அகலம், முள், கன்று விடும் விதம் என்று ஐந்து வரி எழுதி வைத்துக்கொண்டு, இரண்டுக்கும் பொதுவான குறை இருந்தால் அந்த இணையைக் கைவிட்டுவிடுங்கள். இருவரிடமும் இருக்கும் குறை பிள்ளையிடமும் பெரும்பாலும் இருக்கும்.

பெற்றோர் ஒருவரை ஒருவர் நிரப்பும்போது என்ன ஆகும் என்பதற்குப் பழைய உதாரணம் ஏக்மியா ‘ஃபாஸ்டர்ஸ் ஃபேவரிட்’. ஃப்ளோரிடாவில் புரோமிலியாட் சேகரிப்பாளர் மல்ஃபோர்டு ஃபாஸ்டர் ஏக்மியா ராசினேயையும், அடிப்பக்கம் சிவந்த ஏக்மியா விக்டோரியானா டிஸ்கலரையும் கலந்து பெற்றது. வார்னிஷ் பூசிய மாதிரி மினுங்கும் ஒயின்நிற இலை. இரண்டு பெற்றோருமே மெல்லிய, வழுவழுப்பான இலைச் செடிகள் என்பதைக் கவனியுங்கள். மினுக்கம் அங்கிருந்து வந்தது.

எது தாய், எது தந்தை என்பதை இருநிற இலைக்கு அடுத்தபடியாகத் தீர்மானிப்பது சூல்தண்டின் நீளம். மகரந்தக் குழாய் சூல்தண்டு முழுவதையும் கடந்து சூற்பைக்குப் போக வேண்டும். குட்டையான பூவின் மகரந்தம் நீளமான சூல்தண்டில் பாதி வழியில் நின்றுவிடக்கூடும். அளவு வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்படி இருந்தால் குட்டைப் பூ தாயாகட்டும். முடிந்தால் இரண்டு திசையிலும் செய்து பார்ப்பதே மேல்.

பேரினம் தாண்டிய கலப்பும் நடக்கும். நியோரெகெலியாவோடு ஏக்மியா, நிடுலாரியம், ஆர்த்தோஃபைட்டம் எல்லாம் சேர்ந்திருக்கின்றன. கிரிப்டான்தஸும் பில்பெர்ஜியாவும் சேர்ந்த கிரிப்ட்பெர்ஜியாவும் உண்டு. ஆனால் கிரிப்டான்தஸில் குரோமோசோம் 34, மற்றவற்றில் பெரும்பாலும் 50 என்பதால் அந்தக் கலப்பு மலடு. கன்று வழியாகப் பெருக்கலாம், அதற்கு மேல் கலக்க முடியாது. தொடர்ந்து பல தலைமுறை வேலை செய்ய நினைப்பவர்கள் ஒரே பேரினத்துக்குள் இருப்பது புத்திசாலித்தனம்.

இரண்டையும் ஒரே நேரத்தில் பூக்க வைப்பது

முழு வளர்ச்சி அடைந்த செடியை எத்திலீன் வாயு பூக்கத் தூண்டும். இலைவட்டத்தின் நடுக்குழியில் தேங்கியிருக்கும் தண்ணீரைக் கவிழ்த்து வடித்துவிட்டு, செடியைத் தொட்டியோடு ஒரு ஒளிபுகும் பிளாஸ்டிக் பைக்குள் வைத்து, அந்த வாயுவை வெளியிடும், நன்றாகப் பழுத்த ஒரு ஆப்பிளையும் உள்ளே வைத்துக் கட்டி, 7 முதல் 10 நாள் நிழலில் விடுங்கள். வெயிலில் வைத்தால் பைக்குள் செடி வெந்துவிடும். மொட்டு தெரிய 6 முதல் 12 வாரம் ஆகும். இனத்துக்கு இனம் வேறுபடும். பிஞ்சுச் செடியைத் தூண்டினால் நாலு பூவும் நோஞ்சான் கன்றும்தான் மிச்சம்.

ஒன்று முந்திப் பூத்தால் மகரந்தத்தைச் சேமிக்கலாம். பிளந்த மகரந்தப்பைகளை வெள்ளைத்தாளில் சேகரித்து, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் ஒரு நாள் உலர்த்தி, மருந்துக் கடையில் கிடைக்கும் காலி ஜெலட்டின் கேப்ஸ்யூலில் அடையுங்கள். பெயரையும் தேதியையும் எழுதி, சிலிக்கா ஜெல்லோடு இறுக மூடிய பாட்டிலில் ஃப்ரிட்ஜில் 4 டிகிரி செல்சியஸில் வைத்தால் சில வாரம் தாங்கும். ஃப்ரீசரில் இன்னும் நீண்ட நாள் இருக்கும். எடுத்தவுடன் திறக்காதீர்கள். பாட்டில் அறை வெப்பத்துக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும், இல்லையென்றால் காற்றின் ஈரம் உள்ளே படிந்து மகரந்தம் வெடித்து வீணாகும்.

மகரந்தம் வைப்பது

நியோரெகெலியா பூ ஒரு நாள் பூ. அதிகாலையில் விரியும், பிற்பகலுக்குள் சுருங்கிவிடும். கொத்தின் வெளிவட்டத்தில் தொடங்கி உள்ளே நோக்கித் தினமும் சில பூக்கள் விரியும். இதழ் 3, மகரந்தத்தாள் 6, நடுவில் முறுக்கிய மூன்று மடலுள்ள சூல்முடி.

தேவையானவை: கூர்நுனிச் சாமணம், மெல்லிய ஊசி அல்லது அறுவைக் கத்தி, 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், ஆல்கஹாலும் பஞ்சும், ஊசி போடும் சிரிஞ்சு, பல நிற நூல், பிளாஸ்டிக் லேபிள், பென்சில். மார்க்கர் எழுத்து வெயிலில் ஓராண்டில் வெளிறிவிடும், பென்சில் எழுத்து நிற்கும். லேபிள் கட்ட செம்புக் கம்பி கூடவே கூடாது. புரோமிலியாட்களுக்குச் செம்பு நஞ்சு. செம்பு கலந்த பூஞ்சைக் கொல்லியும் அப்படியே.

முதல் நாள் மாலையே தாய்ச்செடியின் நடுக்குழித் தண்ணீரைச் சிரிஞ்சால் உறிஞ்சி, பூக்களின் தலை நன்றாக வெளியே தெரியும்படி இறக்குங்கள். நனைந்த மகரந்தம் முளைக்காது. மறுநாள் விரியப்போகும் மொட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை: பருத்து, புல்லி இதழ்களுக்கு மேலே இதழ் நுனி நிறத்தோடு நீட்டிக்கொண்டிருக்கும். அந்த மொட்டின் இதழ்க்குழாயை ஒரு பக்கம் ஊசியால் மேலிருந்து கீழாகக் கீறி, சாமணத்தால் இதழைப் பிடித்து மெதுவாக உரித்தெடுங்கள். மகரந்தத்தாள்கள் இதழோடு ஒட்டியிருப்பதால் கூடவே வரும், வராமல் நின்றதைத் தனியே பறியுங்கள். நடுவில் சூல்தண்டு மட்டும் நிமிர்ந்து நிற்க வேண்டும். அது மடங்கினால் அந்தப் பூ போச்சு, அடுத்ததற்குப் போங்கள். பிறகு லென்ஸில் பாருங்கள்: சூல்முடியில் மஞ்சள் தூள் ஒரு துளி தெரிந்தாலும் அதை நீக்கிவிடுங்கள். பல நியோரெகெலியாக்கள் தன் மகரந்தத்தாலேயே காய்க்கும். கலப்பு என்று நம்பி மூன்று ஆண்டு வளர்த்தது தாயின் அச்சாக நிற்பதற்கு இந்த ஒரு துளிதான் காரணம்.

அன்றிரவு கொத்தை மெல்லிய வலைத்துணியால் மூடுங்கள். எறும்பும் தேனீயும் உங்களுக்கு முன்னாலேயே எழுந்துவிடும்.

மறுநாள் காலை தந்தைப் பூ விரிந்து மகரந்தப்பை பிளந்து தூள் உதிரத் தொடங்கியதும் (பெரும்பாலும் 7 முதல் 10 மணிக்குள்) ஒரு மகரந்தத்தாளைச் சாமணத்தால் முழுதாகப் பறித்து, அதையே தூரிகையாக வைத்து சூல்முடியின் மூன்று மடலிலும் தடவுங்கள். சூல்முடி ஈரமாக மினுங்கினால் தயார் என்று பொருள். நிஜத் தூரிகையைப் பலரும் பரிந்துரைக்கிறார்கள்; அதன் மயிரில் நேற்றைய தந்தையின் மகரந்தம் ஒளிந்திருக்கும் என்பதால் அது வேண்டாம். தந்தை மாறும்போதெல்லாம் சாமணத்தை ஆல்கஹாலில் துடைத்து, முழுவதும் காய்ந்த பிறகே தொடுங்கள். ஆல்கஹால் ஈரம் மகரந்தத்தையும் கொல்லும்.

பூவின் புல்லி இதழைச் சுற்றி அந்தக் கலப்புக்குரிய நிற நூலைக் கட்டி, லேபிளில் தாயின் பெயர், பெருக்கல் குறி, தந்தையின் பெயர், தேதி, பூக்களின் எண்ணிக்கை எழுதுங்கள். தாயை முதலில் எழுதுவது மரபு. ஒரு கொத்துக்கு ஒரே தந்தை என்று வைத்துக்கொண்டால் பிற்பாடு குழப்பமே வராது. ஒரு கலப்புக்கு 4 முதல் 6 பூ போதும். 24 மணி நேரம் மேலே தண்ணீர் படக் கூடாது. அதன் பிறகு நடுக்குழியில் கொஞ்சமாகத் தண்ணீர் விடலாம், அதுவரை வேருக்கு மட்டும் ஊற்றுங்கள்.

இரண்டு பூக்களை உரித்துவிட்டு மகரந்தம் வைக்காமல் விடுங்கள். இன்னும் இரண்டைத் தொடாமல் வலைக்குள் விடுங்கள். முன்னவை காய்த்தால் வெளி மகரந்தம் எப்படியோ நுழைகிறது. பின்னவை காய்த்தால் இந்தத் தாய் தானே காய்க்கும் வகை, உரிப்பதில் இரட்டிப்புக் கவனம் வேண்டும். இந்த நான்கு பூவை வீண் என்று நினைப்பவர்கள்தான் கடைசியில் எந்த நாற்றையும் உறுதியாகக் கலப்பு என்று சொல்ல முடியாமல் நிற்கிறார்கள்.

எதுவுமே காய்க்காவிட்டால் வரிசையாகச் சந்தேகிக்க வேண்டியவை: மகரந்தம் நனைந்தது, கடும் வெப்ப நாள், நேரம் தவறியது, தந்தை மலடு. கடைசியைச் சோதிக்க அதே மகரந்தத்தை எளிதில் காய்க்கும் வேறொரு செடியில் வைத்துப் பாருங்கள்.

கனியும் விதையும்

பிடித்த பூவின் சூற்பை சில வாரங்களில் பருக்கத் தொடங்கும். நியோரெகெலியா கனி பழுக்க ஏறக்குறைய 2 முதல் 4 மாதம். சிலவற்றில் வெள்ளையாகும், சிலவற்றில் சிவப்பு அல்லது ஊதா ஓடும். நிறத்தை நம்ப வேண்டாம். சாமணத்தால் லேசாக இழுத்தால் எதிர்ப்பில்லாமல் கழன்று வருவதுதான் பழுத்த கனி. முரண்டு பிடித்தால் இன்னும் ஒரு வாரம் விடுங்கள். நடுக்குழியில் அழுகிய பூமிச்சம் தேங்கினால் கனியும் சேர்ந்து அழுகும், வாரம் ஒரு முறை தண்ணீர் பாய்ச்சிக் கழுவி வடியுங்கள்.

கனிக்குள் விதை வழவழப்பான கூழில் இருக்கும். கூழோடு விதைத்தால் இரண்டே நாளில் பூஞ்சணம் பிடிக்கும். ஒரு கிண்ணம் தண்ணீரில் பிதுக்கி, பாத்திரம் கழுவும் திரவம் 2 துளி விட்டு, மெல்லிய நைலான் துணியில் வைத்துத் தேய்த்து, வழுக்கல் போகும்வரை நாலைந்து தண்ணீரில் அலசுங்கள். காபி வடிகட்டும் தாளில் பரப்பி நிழலில் உலர்த்துங்கள். டிஷ்யூ தாளில் ஒட்டிக்கொள்ளும். பருத்த, பழுப்பேறிய விதை நல்லது. தட்டையாக வெளிறியது பொக்கு. தூரத்து இனங்களைக் கலக்கும்போது கனி அழகாகப் பருத்து உள்ளே எல்லாம் பொக்காக இருப்பது உண்டு. விதையைச் சேமித்து வைக்க ஆசைப்படாதீர்கள், முளைப்புத்திறன் வேகமாகக் குறையும். உலர்ந்த வாரமே விதைத்துவிடுங்கள்.

விதைப்பு

மூடியுள்ள ஒளிபுகும் டப்பாவில் 3 முதல் 4 செ.மீ. உயரத்துக்குச் சலித்த கோகோபீட்டும் (தேங்காய் நார்த்தூள்) பெர்லைட்டும் (லேசான வெள்ளைக் கல்துகள்) சம அளவாகக் கலந்து, கொதிநீர் ஊற்றி ஆறவிடுங்கள். கோகோபீட்டில் உப்பு இருக்கும் என்பதால் முன்னதாகவே இரண்டு மூன்று முறை கழுவி வடித்திருக்க வேண்டும். விதையை மேலேயே தூவுங்கள், மூடக் கூடாது. முளைக்க வெளிச்சம் தேவை. விதைக்கு விதை 1 செ.மீ. இடைவெளி. மழைநீரையோ வடிகட்டிய நீரையோ தெளித்து மூடி, நேர்வெயில் படாத வெளிச்சத்தில், 22 முதல் 28 டிகிரி வெப்பத்தில் வையுங்கள். 1 முதல் 3 வாரத்தில் பச்சை தலைநீட்டும்.

அடுத்த இரண்டு மாதம் எதிரி பாசி. மேற்பரப்பு எப்போதும் நசநசவென்று ஈரமாக இருந்து, உரமும் சேர்ந்தால் பச்சைப் படலம் கட்டி நாற்றைத் திணறடிக்கும். முதல் 6 வாரம் உரமே வேண்டாம். பிறகு பொதியில் சொன்ன அளவில் கால் பங்கு, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை தெளித்தால் போதும். மூடியைத் தினமும் கொஞ்சம் கூடுதல் நேரம் திறந்து வைத்து, மூன்றாம் மாதத்துக்குள் முழுவதும் எடுத்துவிடுங்கள். நாற்று அடியில் கண்ணாடி மாதிரி நீர்கோத்துச் சாய்ந்தால் அது நாற்றழுகல். சுற்றியுள்ள கலவையோடு அள்ளி எறிந்துவிட்டு அன்றே காற்றோட்டம் கொடுங்கள்.

4 அல்லது 5 இலை வந்ததும் 3 செ.மீ. இடைவெளியில் தட்டுக்கு மாற்றுங்கள், இலைகள் உரசத் தொடங்கியதும் 6 செ.மீ. தொட்டிக்கு. ஒவ்வொரு மாற்றத்திலும் லேபிளும் கூடவே போகிறதா என்று பாருங்கள். பெயர் தொலைந்த தட்டு அழகாக இருக்கலாம், அடுத்த கலப்புக்கு உதவாது.

எதை வைப்பது, எதை எறிவது

பிஞ்சு இலையில் கோலத்தைத் தேடுவது வீண். நியோரெகெலியாவில் இலை வட்டம் 8 முதல் 10 செ.மீ. ஆகும்வரை புள்ளியும் பட்டையும் தெளியாது. நாற்றுப் பருவத்திலேயே வெண்கல நிறம் காட்டுபவற்றில் சிவப்பு இருக்கும் என்பதை மட்டும் ஊகிக்கலாம். முதல் 4 மாதத்தில் நோஞ்சானையும் கோணல்மாணலையும் கழித்துவிடுங்கள். 10 முதல் 14 மாதத்தில் முதல் உண்மையான தேர்வு.

தேர்வுக்கு முன் எல்லா நாற்றும் ஒரே வெளிச்சத்தில், ஒரே உரத்தில் குறைந்தது 3 மாதம் இருந்திருக்க வேண்டும். வெளிச்சம் குறைந்தால் ஆந்தோசயனின் உருவாகாது. தழைச்சத்து மிகுந்தால் பச்சையம் பெருகிச் சிவப்பை மூடும். தட்டின் ஓரத்தில் வெயில் வாங்கிச் சிவந்த நாற்றைப் பார்த்து மயங்கி, நடுவில் நிழலில் கிடந்த நல்ல நாற்றை எறிவது வழக்கமாக நடக்கும் தவறு. தட்டுகளை வாரம் ஒரு முறை சுழற்றி வைத்தால் இது தவிரும். தேர்வுக் காலத்தில் உரத்தை அடியோடு நிறுத்திவிடலாம். வெளிச்சத்தைப் படிப்படியாகக் கூட்டுங்கள், ஒரேயடியாக வெயிலில் தள்ளினால் கருகும்.

நூறு நாற்றில் ஐந்தை வைத்துக்கொண்டால் அதுவே தாராளம். அந்த ஐந்தும் பூத்து, கன்று விட்டு, கன்றும் அதே கோலத்தைக் காட்டிய பிறகே பெயரைப் பற்றி யோசியுங்கள். இருநிறச் செடிகளில் கன்று பச்சைக்கோ வெள்ளைக்கோ திரும்புவது சகஜம். இரண்டு தலைமுறைக் கன்றாவது நிலைக்க வேண்டும்.

இரண்டாம் தலைமுறை

இரண்டு தூய இனங்களின் முதல் தலைமுறை ஏறக்குறைய ஒரே மாதிரி, இடைநிலையில் நிற்கும். இதைப் பார்த்துவிட்டு விட்டுவிடுபவர்கள் அதிகம். வேடிக்கையே அதற்குப் பிறகுதான். உடன்பிறந்த இரண்டைக் கலந்தால் மறைந்திருந்த குணங்கள் பிரிந்து வெளியே வரும். ஒடுங்கிய ஒரு ஜீனை, அதாவது இரு பெற்றோரிடமிருந்தும் வந்தால் மட்டுமே வெளிப்படும் ஜீனைச் சார்ந்த குணம் நான்கில் ஒன்றில் தெரியும். 11 நாற்று வளர்த்தால் ஒன்றாவது கிடைக்க 95 சதவீத வாய்ப்பு. அப்படிப்பட்ட இரண்டு குணம் ஒன்றாக வேண்டுமென்றால் 16-இல் ஒன்று, அதே உறுதிக்கு 47 நாற்று வேண்டும். கோலங்கள் பெரும்பாலும் பல ஜீன்களின் வேலை என்பதால் இதைக் குறைந்தபட்சக் கணக்காக எடுத்துக்கொள்ளுங்கள். பட்டை முதல் தலைமுறையில் நீர்த்துப்போயிருந்தால், பட்டை நன்றாகத் தெரியும் பிள்ளையைப் பட்டைப் பெற்றோரோடு திரும்பக் கலப்பது குறுக்குவழி. கடைகளில் கிடைக்கும் பெயர்பெற்ற செடிகள் பலவும் ஏற்கெனவே பல தலைமுறைக் கலப்பு. அவற்றின் பிள்ளைகள் முதல் தடவையிலேயே தாறுமாறாகப் பிரியும்.

மற்ற இனங்களில் மாறுவது

வ்ரீசியா ஃபாஸ்டெரியானா, ஜைஜான்டியா, ஹீரோகிளிஃபிகா ஆகியவை இரவில் பூப்பவை, வௌவால் பூக்கள். மாலையில் உரித்து இரவில் மகரந்தம் வையுங்கள். காய் உலர்ந்து வெடிக்கும் வகை, முதிர அரை ஆண்டுக்கு மேலேயே ஆகும். உள்ளே பஞ்சுமுடியோடு கூடிய விதை; வெடித்தால் காற்றில் போய்விடும் என்பதால் பழைய நைலான் சாக்ஸ் துண்டைக் காய்மேல் கட்டிவையுங்கள். இலையின் எழுத்துக்கோலம் வருவதற்கே இரண்டு ஆண்டு ஆகலாம், அதற்குள் எறியாதீர்கள்.

கிரிப்டான்தஸில் கொத்தின் வெளிவட்டப் பூக்கள்தான் காய்க்கும், நடுவில் பின்னால் வருபவை மகரந்தம் மட்டும் தருபவை. முதலில் விரியும் பூக்களைத் தவறவிட்டால் அந்தச் செடி அந்தப் பருவத்துக்குத் தந்தை மட்டுமே. டிக்கியாவில் வெள்ளிச் செதிலுக்கு மார்னியர்-லபோஸ்டோலி, ஃபாஸ்டெரியானா ஆகியவற்றை நாடுவார்கள். உலர்காய், தட்டையான சிறகு விதை. முளைத்த பின் மற்றவற்றைவிடச் சீக்கிரம் காற்றோட்டமும் வெயிலும் கேட்கும். நிடுலாரியத்தின் இதழ்கள் சரியாக விரிவதே இல்லை, உள்ளேயே தன்மகரந்தச் சேர்க்கை முடிந்துவிடும். மொட்டை ஒரு நாள் முன்னதாகவே பிளக்க வேண்டும்.

பெயர்

புரோமிலியாட் கலப்பினப் பெயர்களைப் பதிவு செய்யும் சர்வதேசப் பொறுப்பு, 1950-இல் தொடங்கிய புரோமிலியாட் சொசைட்டி இன்டர்நேஷனலிடம் இருக்கிறது. பெற்றோர் பெயர், விவரிப்பு, முதிர்ந்த செடியின் படம் ஆகியவற்றைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். 1959 தொடக்கத்திலிருந்து புதிய பயிர்ரகப் பெயர் லத்தீனில் இருக்கக் கூடாது என்பது விதி. முன்பே ஒருவர் வைத்த பெயரையும் அதே பேரினத்தில் திரும்ப வைக்க முடியாது, முதலில் பதிவேட்டைத் தேடுங்கள். பெயர் ஒரு நாற்றுக்கும் அதன் கன்றுகளுக்கும் மட்டும் உரியது. ஒரே கனியில் வந்த உடன்பிறப்புகளை அதே பெயரில் பிறருக்குக் கொடுத்தால் சில ஆண்டில் எது அந்தச் செடி என்று யாருக்கும் தெரியாமல் போகும். தேர்ந்தெடுக்காதவற்றைக் கொடுக்க வேண்டியிருந்தால் தாய், பெருக்கல் குறி, தந்தை என்று மட்டும் எழுதிக் கொடுங்கள்.